கருவிழிக்குப் பத்துப் புள்ளிகள்

சென்ற மாதம் வெள்ளவத்தையில் உள்ள எங்கள் சிறிய ஸ்டூடியோவுக்கு ஓர் அக்கா, தம்முடைய தந்தையாரின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் அச்சிடுவதற்காகப் பழைய குழுப் படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அலுவலகப் பிரியாவிடை நாளில் எடுத்த அந்தப் படத்தில் பதினெட்டுப் பேர் மூன்று வரிசையாக நிற்கிறார்கள். இரண்டாம் வரிசையில் நிற்கும் அவருடைய அப்பாவின் முகம் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. "இதிலதான் தம்பி அப்பா சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். மற்றது அடையாள அட்டைக்கு எடுத்த படம் மட்டும்தான் இருக்கு" என்றார். நான் படத்தை 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற அளவில், ஸ்கேன் செய்து, முகத்தை மட்டும் வெட்டி, முகங்களைச் சீரமைக்கும் ஏஐ கருவி ஒன்றில் இட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மீசை மயிர் தனித்தனியாகத் தெரிந்தது, நெற்றிச் சுருக்கம் தெளிந்தது, கண்கள் இரண்டும் பளிச்சென்று திறந்துகொண்டன. மகிழ்ச்சியோடு திரையை அவர் பக்கம் திருப்பினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "முகம் அப்பாட முகம்தான். ஆனால் பார்க்கிறது அப்பா இல்லை" என்றார்.

அவர் சொன்னது முழுக்க முழுக்கச் சரி என்பதை அன்று இரவு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். வளர்ந்த ஒருவரின் கருவிழி, அதாவது பாடசாலையில் கதிராளி என்று படித்த அந்த வட்டம், ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் விட்டமுடையது. முகத்தின் அகலம் ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர். ஆகவே கருவிழி என்பது முக அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தக் குழுப் படத்தில் அப்பாவின் முகம் 5 மில்லிமீற்றர் அகலம். 600 டிபிஐயில் அது 118 புள்ளிகள். கருவிழிக்குக் கிடைப்பது பத்துப் புள்ளிகள். பத்துப் புள்ளிகளுக்குள் ஒரு மனிதரின் கருவிழியில் உள்ள நார்களோ, விளிம்பின் நிறமோ இருக்க வழியே இல்லை. ஆனால் கருவி கொடுத்த படத்தில் அவை எல்லாம் இருந்தன.

அவை எங்கிருந்து வந்தன? 2021இல் வெளிவந்து பலராலும் பயன்படுத்தப்படும் ஜிஎஃப்பிகான் போன்ற கருவிகள், ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டப்பட்ட எழுபதாயிரம் முகப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. மங்கிய முகத்தைக் கொடுத்தால், மங்குவதற்கு முன்னர் அது எப்படி இருந்தது என்று அவை கண்டுபிடிப்பதில்லை. தாம் கற்ற முகங்களை வைத்து, பொருந்தக்கூடிய ஒன்றை உண்டாக்குகின்றன. கன்னத்திலும் நெற்றியிலும் இது பெரிதாக உறுத்துவதில்லை. கண்ணில் உறுத்துகிறது. அதைவிட எனக்கு வேதனை தந்தது வேறொன்று. அப்பாவின் இடது இமை எப்போதும் சற்றுத் தாழ்ந்திருக்கும் என்று மகள் சொன்னார். ஸ்கேனை உருப்பெருக்கிப் பார்த்தேன். அந்தப் பத்துப் புள்ளிகளிலும் அது இருந்தது, இடது கண்ணின் கோடு வலது கண்ணைவிடத் தெளிவாகவே ஒடுங்கியிருந்தது. கருவி அதைப் பழுது என்று எண்ணி நிமிர்த்திவிட்டது. படத்தில் இல்லாததைச் சேர்த்ததோடு நில்லாமல், படத்தில் மிஞ்சியிருந்த உண்மையையும் அது அழித்திருந்தது.

மறுநாள் அடையாள அட்டைப் படத்தையும் கேட்டு வாங்கினேன். அதில் முகம் 20 மில்லிமீற்றர். கருவிழிக்கு நாற்பது புள்ளிகள் வரை கிடைத்தன. கருவிழியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய சாம்பல் வளையம் ஒன்றுகூடத் தெரிந்தது. வயதானவர்களிடம் கொழுப்புப் படிவதால் உண்டாகும், பார்வையைக் கெடுக்காத வளையம் அது. ஏஐ செய்த கண்களை, அந்தப் பகுதியை மட்டும் பிரித்தெடுக்கும் மாஸ்க் இட்டு முழுமையாக நீக்கி, சிரிப்பால் சுருங்கிய இமைகளின் வடிவத்தைக் குழுப் படத்திலிருந்தும், கருவிழிகளை அடையாள அட்டைப் படத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்தேன். நான்கு மணித்தியாலம் பிடித்தது. படம் முன்னையதைவிடச் சற்று மங்கல்தான். அந்த அக்கா அதையே அச்சுக்கு எடுத்துப்போனார்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த பெரியவர் கொட்டாஞ்சேனையில் நெகற்றிவ் மீது பென்சிலால் ரீடச் செய்த காலத்தவர். "கண்ணில கை வைக்கிறதெண்டால் கடைசியா வை, அதுவும் கொஞ்சமா வை" என்பார். கோயில் சிலைக்குச் சிற்பி கடைசியாகத்தானே கண் திறக்கிறார் என்பது அவருடைய நியாயம். இன்று படம் திருத்தும் லைட்ரூமில் 2022இலிருந்து, ஆளைத் தெரிவுசெய்தவுடன் கருவிழியையும் வெள்ளைவிழியையும் வெவ்வேறு மாஸ்க்குகளாக மென்பொருளே பிரித்துத் தருகிறது. முன்பு தூரிகையால் பத்து நிமிடம் செய்த வேலை அது. அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன், தினமும் பயன்படுத்துகிறேன். என் குறை, ஒரே சொடுக்கில் கண்ணை 'அழகாக்கும்' ஆயத்த அமைப்புகளைப் பற்றியது.

நம்மவர்களில் பெரும்பாலானோரின் கருவிழி அடர்ந்த பழுப்பு நிறம். அறை வெளிச்சத்தில் கண்மணிக்கும் கருவிழிக்கும் இடையிலான எல்லையே தெரியாது. ஆயத்த அமைப்பு அந்த இருளைக் குறையாகக் கருதி வெளிச்சத்தை ஏற்றும்போது கண் செம்மை கலந்த தேன் நிறமாகி, அந்த முகத்துக்குச் சொந்தமில்லாத கண்ணாகிவிடுகிறது. நான் கருவிழியில் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, 0.20 முதல் 0.30 வரைதான் ஏற்றுகிறேன், அதுவும் கீழ்ப் பாதியில் மட்டும். மேலிருந்து வரும் வெளிச்சம் கருவிழியின் கீழ்ப் பாதியில்தான் இயல்பாகத் தேங்கும். வெள்ளைவிழியை வெளுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். விழி ஓர் உருண்டை. மேல் இமையின் நிழல் அதன்மேல் விழுகிறது, இரு ஓரங்களும் சற்று இருண்டிருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவில் வெளுத்தால், உருண்டை தட்டையாகி, கடதாசி வெட்டி ஒட்டியது போலாகிவிடும். நம் தோல் நிறத்துக்கு அருகில் வெள்ளைவிழி ஏற்கெனவே எடுப்பாகத் தெரிவதால், நிறச்செறிவைப் பத்து அளவில் குறைத்துச் சிவப்பை மட்டும் தணித்தாலே போதும்.

கண்ணில் தெரியும் ஒளிப்பொட்டையும் பார்க்க வேண்டும். வெளிச்சத்தை மென்மையாக்கும் சொஃப்ட்பொக்ஸ் பெட்டியை வைத்தால் அது சதுரமாக இருக்கும், ரிங் லைற் வைத்தால் வளையமாக இருக்கும், ஜன்னலோரம் நின்றால் ஜன்னல் கம்பிகூடத் தெரியும். கருவி புதிதாகக் கண் வரையும்போது, மூக்கின் நிழல் ஒரு பக்கம் விழ, ஒளிப்பொட்டு வேறொரு பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். படம் ஏன் பொய்யாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாதவருக்கும் அது பொய்யாகத்தான் தெரிகிறது.

கடவுச்சீட்டுப் படத்தில் நான் கண்ணைத் தொடுவதே இல்லை. முகத்தை அடையாளம் காண எடுக்கும் படத்தில் திருத்தத்துக்கு இடமில்லை.

திருமணப் படங்களில்தான் இந்தக் கேள்வி வாரந்தோறும் வருகிறது. ஓமப் புகையில் மணமகளின் கண் சிவக்கிறது. தாலி ஏறும் நேரத்தில் கீழ் இமையின் விளிம்பில் நீர் கோடாக நிற்கிறது. புகையால் வந்த சிவப்பைக் குறைக்கிறேன், அந்த நீர்க்கோட்டை விட்டுவிடுகிறேன். குழுப் படத்தில் ஒருவர் கண்ணை மூடியிருந்தால், ஏஐயைக் கண் திறக்கச் சொல்வதற்கு முன், அதே நிமிடத்தில் எடுத்த மற்றப் படங்களில் அவருடைய திறந்த கண்ணைத் தேடுகிறேன். அதற்காகவே இப்போது ஒவ்வொரு குழுவையும் குறைந்தது ஆறு தடவை எடுக்கிறேன். ஆறிலும் அவர் கண் மூடியிருந்தால், வீட்டாரை அழைத்து, மூடிய கண்ணுள்ள படத்தையும் கருவி திறந்த கண்ணுள்ள படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எப்படி வந்தது என்று சொல்லிவிட்டுக் கேட்கிறேன். இதுவரை கேட்ட மூன்று வீட்டாரில் இருவர் மூடிய கண்ணையே அல்பத்தில் வைக்கச் சொன்னார்கள்.