டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குக் கணக்கு: வகுப்பில் செய்து பார்த்தவை

டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் தடை, உள்ள பிள்ளை ஒரு வார்த்தைக் கணக்கைத் தப்பாகப் போட்டதும் கழித்தலை முதலிலிருந்து சொல்லித்தரக் கிளம்பிவிடுகிறோம். அதற்கு முன்னால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரே மாதிரியான மூன்று கணக்கை எடுங்கள். முதலாவதைப் பிள்ளையே படித்துப் போடட்டும். இரண்டாவதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். மூன்றாவதை 14 − 6 என்று எண்ணாக மட்டும் எழுதிக் கொடுங்கள். முதலாவது மட்டும் தப்பானால், கணக்கு தெரிகிறது, வாசிப்பில்தான் தடை. மூன்றும் தப்பானால் மணியோ குச்சியோ கொடுத்துத் தொட்டு எண்ணவிடுங்கள். அப்போதும் எது பெரிது, எது சிறிது என்பதே பிடிபடவில்லையென்றால் டிஸ்கால்குலியாவும் (எண்களையே புரிந்துகொள்வதில் உள்ள தடை) சேர்ந்திருக்கலாம். அதை நிபுணர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழில் படிக்கும் பிள்ளை இடறும் ஓர் இடம் வேற்றுமை உருபு. ‘மாலாவிடம் 12 பென்சில் இருந்தது. கண்ணனுக்கு 4 கொடுத்தாள்.’ ‘மாலாவிடம் 12 பென்சில் இருந்தது. கண்ணன் 4 கொடுத்தான்.’ முதலாவதற்கு விடை 8, அடுத்ததற்கு 16. இரண்டையும் பிரிப்பது ஒரு ‘க்கு’வும் கடைசி எழுத்தும்தான். கஷ்டப்பட்டுப் படிக்கும் பிள்ளை ‘கண்ணன், 4, கொடு’ என்று பிடித்துக்கொண்டு கணக்கில் இறங்கிவிடும். ஆகவே வரிக்கு ஒரு வாக்கியம் வைத்து, பெரிய எழுத்தில், வரிகளுக்கு நடுவே நல்ல இடம் விட்டு அச்சிடுங்கள். இரண்டு முறை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். ‘இப்போது பென்சில் யார் கையில்?’ என்று கேளுங்கள். பிள்ளை படம் போட்ட பிறகே எண்ணை எழுதட்டும். ‘அதிகம் என்று வந்தால் கூட்டு’ என்ற குறுக்குவழியைத் தயவுசெய்து சொல்லிக்கொடுக்காதீர்கள். ‘மாலாவிடம் 12 இருக்கிறது, இது கண்ணனிடம் இருப்பதைவிட 5 அதிகம்’ என்றால் கண்ணனிடம் இருப்பது 7. குறுக்குவழியில் போன பிள்ளை 17 என்று எழுதும்.

காதால் கேட்டு எழுதுவதில் இன்னொரு சிக்கல். ‘தொண்ணூறு’ என்ற சொல்லுக்குள் ‘நூறு’ ஒலிக்கிறது, ‘தொள்ளாயிர’த்துக்குள் ‘ஆயிரம்’ ஒலிக்கிறது. ஒலியைப் பிரித்துப் பார்ப்பதே கடினமாக இருக்கும் பிள்ளை தொண்ணூற்றெட்டை 108 என்று எழுதினால் அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம். 90 என்று ஓர் அட்டை, 8 என்று அதில் பாதி அகலத்தில் ஓர் அட்டை வெட்டுங்கள். 8-ஐப் பூஜ்யத்தின் மேல் வைத்தால் 98 தெரியும், எடுத்தால் 90 தெரியும். சொல்லிக்கொண்டே பிள்ளையே வைத்து எடுக்கட்டும்.

வாய்ப்பாட்டை ஒப்பிப்பது ஒலிகளை வரிசையாக நினைவில் வைக்கும் வேலை. இந்தப் பிள்ளைகளுக்குப் பலவீனமான இடமே அதுதான். எட்டாம் வாய்ப்பாட்டில் ஏழாவதைக் கேட்டால் ஓரெட்டிலிருந்து தொடங்கி, நடுவில் தொலைந்துபோவார்கள். 10×10 கட்டத்தில் 100 பெருக்கல் இருக்கிறது. 1, 2, 5, 10 வரிசைகளை எடுத்துவிட்டு, 3×4-ம் 4×3-ம் ஒன்றே என்று சேர்த்தால் மிஞ்சுவது 21 மட்டும். அதிலும் நான்கு மடங்கு என்பது இரண்டு மடங்கின் இரட்டிப்பு. ஒன்பது மடங்கு என்பது பத்து மடங்கில் ஒரு மடங்கைக் குறைத்தது. 7×8 வேண்டுமா, ஐந்து எட்டு 40, இரண்டு எட்டு 16, ஆக 56. இந்த வழி கைவரும்வரை பெருக்கல் கட்டத்தை மேசையில் ஒட்டி வையுங்கள். கடிகாரம் வைத்துச் சோதிக்க வேண்டாம். பதற்றத்தில் தெரிந்ததும் மறந்துபோகும்.

எழுதுவதற்கு 1 செ.மீ. கட்ட நோட்டு, கட்டத்துக்கு ஓர் இலக்கம். கட்ட நோட்டு இல்லையென்றால் கோடு போட்ட நோட்டைப் பக்கவாட்டில் திருப்பினால் போதும், மேலிருந்து கீழாகக் கோடுகள் கிடைத்துவிடும். கணக்கைத் தொடங்குமுன் + − குறியைக் கலர் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். பலகையைப் பார்த்து எழுதச் சொல்லாமல் தாளாகவே கொடுத்துவிடுங்கள், எண் இடம்மாறுவது அங்கேயும் நடக்கிறது. வகுப்புக்கு 20 கணக்கு என்றால் இந்தப் பிள்ளைக்கு 6 போதும், ஆனால் கடினமான கணக்கும் அந்த ஆறில் இருக்க வேண்டும். எளிதானதை மட்டும் கொடுத்தால் தெரிந்த பிள்ளையையும் பின்தங்க வைத்துவிடுவோம்.

நீள்வகுத்தலுக்கு ‘வகு, பெருக்கு, கழி, இறக்கு’ என்று நான்கு சொல்லும், பக்கத்திலேயே செய்து முடித்த கணக்கு ஒன்றும் உள்ள அட்டை வேண்டும். அட்டையை எப்போது எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளை அதைப் பார்ப்பதைத் தானாகவே நிறுத்தும்வரை மேசையிலேயே இருக்கட்டும்.