ஒரு போர்ச்சாலிக் கம்பளம் வீட்டுக்கு வந்த கதை

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் சோலோலாக்கி பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறோம். மரப்பலகைத் தரை. குளிர்காலத்தில் பலகை இடுக்கு வழியாகக் காற்று ஏறும், வெறுங்காலை வைக்க முடியாது. மெஷினில் நெய்த விரிப்பு ஒன்றை வாங்கிப் போட்டிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். கம்பளத்துக்குப் பேர்போன மண்ணில் வந்து உட்கார்ந்துகொண்டு ஃபேக்டரி சரக்கை விரிக்க எனக்கு மனசு வரவில்லை. கையால் நெய்த, நூறு வருஷமாவது ஆன காக்கசஸ் கம்பளம் ஒன்று வேண்டும் என்று போன பிப்ரவரியில் தேட ஆரம்பித்தேன். அக்டோபரில் கிடைத்தது. இடையில் தெரிந்துகொண்டதை எல்லாம், இதே ஆசையுள்ள யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் கம்பளத்தை மார்ச்சிலேயே வாங்கிவிட்டேன். பழைய நகரத்தில் ஒரு கடை. சிவப்பு உடல், நடுவில் பெரிய எட்டுமூலைப் பதக்கம், சுற்றிலும் அகலமான கரை. “கசாக், 1890” என்றார் கடைக்காரர். 900 லாரி (ஜார்ஜிய நாணயம்) சொல்லி 700க்குக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து அதன் மேல் டீ சிந்தியது. வெள்ளைத் துணியை நனைத்து ஒற்றி எடுத்தேன். துணியில் ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தது. டீ படாத மூலையில் ஒற்றினேன், அங்கேயும் ஆரஞ்சு, கூடவே ஒரு மங்கல் பழுப்பு. புதுக் கம்பளத்தைப் பழசாகக் காட்ட அதை எதிலோ முக்கி எடுத்திருக்கிறார்கள். புரட்டிப் போட்டேன். பின்புறம் முழுக்கப் பிசிறு. சில இடங்களில் அந்தப் பிசிறு கருகிக் குட்டையாக நின்றது, மூக்கை அருகில் கொண்டுபோனால் முடி பொசுங்கிய வாடை. பின்புறப் பிசிறை நெருப்பு காட்டிப் பொசுக்குவது பழமையை வரவழைக்கும் வேலைகளில் ஒன்று என்று பிறகு தெரிந்தது. நிஜமாகவே பல பத்தாண்டுகள் தரையில் உரசிய கம்பளத்தின் முதுகு வழவழவென்று இருக்கும், சின்னச் சின்ன மணிகளைக் கோர்த்துப் பரப்பியது போல.

எழுநூறு லாரி போனது வலித்தது. ஆனால் அந்த ஈரத்துணிதான் அதற்குப் பிறகு நான் கையில் எடுத்துக்கொண்டு போன முதல் கருவி.

இதில் புழங்கும் பெயர்களைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கடைகளில் இவை மழையாகப் பொழியும். கசாக், ஷிர்வான், குபா, கராபாக், கெஞ்சே, தாலிஷ், தாகெஸ்தான் எல்லாம் வட்டாரப் பெயர்கள். கசாக் என்றதும் கஜகஸ்தானை நினைக்க வேண்டாம். மேற்கு அஜர்பைஜானில் கசாக் என்ற வட்டாரம் இருக்கிறது, அங்கும் அதை ஒட்டிய ஜார்ஜிய, ஆர்மேனிய மலைப்பகுதிகளிலும் நெய்தவற்றுக்கு வியாபாரத்தில் அந்தப் பெயர் நின்றுவிட்டது. போர்ச்சாலி என்பது திபிலீசிக்குத் தெற்கே மார்னேவுலி, போல்னிசி பக்கம். நெய்தவர்கள் அஜர்பைஜானியர், ஆர்மேனியர், குர்துகள், வடக்கே லெஸ்கியர் எனப் பலர். ஆர்மேனிய எழுத்தில் பெயர் நெய்த கம்பளங்களும் உண்டு, அரபு எழுத்தில் நெய்தவையும் உண்டு. எழுத்து எதுவும் இல்லாத கம்பளத்தைக் காட்டி “இது இன்னார் நெய்தது” என்று அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

மே மாதம் ஒரு வேலையாக அஜர்பைஜானின் தலைநகர் பாக்குவுக்குப் போக வேண்டியிருந்தது. அங்குள்ள கம்பள அருங்காட்சியகத்தில் ஒரு நாள் முழுக்க இருந்தேன். 1967இல் தொடங்கியது. சுருட்டிய கம்பளம் போலவே கட்டிய இப்போதைய கட்டடம் 2014இல் திறந்தது. அஜர்பைஜான் கம்பளங்களை வட்டார வாரியாகப் பிரித்து எழுதிய லத்தீஃப் கெரிமோவின் பெயரில் அது முன்பு இயங்கியது. அங்கே நான் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டது நிறத்தை மட்டும்தான். மஞ்சிட்டி இனத்து வேரில் எடுத்த சிவப்பு, அவுரி நீலம், அந்த நீலத்தின் மேல் மஞ்சள் ஏற்றிய பச்சை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இந்த நிறங்கள் ஒன்றையொன்று அடிக்காது. இரசாயனச் சாயம் 1856இல் பெர்கின் கண்டுபிடித்த ஊதாவோடு பிறந்தது. 1883இல் பாக்குவும் திபிலீசியும் ரயிலால் இணைந்த பிறகு கம்பள ஏற்றுமதியும் பெருகியது, மலிவான சாயமும் உள்ளே வந்தது. அதனால் அந்தக் காலத்துக் கம்பளம் ஒன்றிலேயே இரண்டு வகைச் சாயமும் கலந்திருக்கலாம். பழசு என்பதாலேயே சாயம் நல்லது என்றாகிவிடாது. (பாக்குவில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று: அந்த அருங்காட்சியகத்தின் சான்றிதழ் இல்லாமல் கம்பளத்தை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.)

நிஜமான படிப்பு ஜூலையில், மார்னேவுலியைச் சேர்ந்த ஒரு பெரியவரின் கிடங்கில் நடந்தது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கீழ் வீட்டில் தங்கி மருத்துவம் படிக்கும் திருநெல்வேலித் தம்பிக்கு ஜார்ஜிய மொழி நன்றாக வரும், அவனைத்தான் கூட்டிப்போனேன். பெரியவர் கம்பளத்தை எடுத்து முகம் கீழே இருக்கும்படி விரித்தார். “அக்கா, தப்பா போடுறாரு” என்றான் தம்பி. தப்பாக இல்லை. ஒரு மணி நேரம் நாங்கள் பின்புறம் மட்டுமே பார்த்தோம்.

பாவு, ஊடை, முடிச்சு. நம் ஊர்த் தறி வீடுகளில் புழங்கும் சொற்களே போதும்: பாவு நெடுக்கு நூல், ஊடை குறுக்கு நூல். கசாக் வகையில் பாவு கம்பளி நூல். ஊடையும் கம்பளி, பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றியது. முடிச்சு வரிசைகளுக்கு நடுவே ஊடை இரண்டு மூன்று முறை ஓடுவதால் பின்புறத்தில் சிவப்புக் கோடுகள் தெரியும். ஷிர்வானில் வெள்ளையும் பழுப்புமாக முறுக்கிய பாவைப் பார்க்கலாம், மயிரை, அதாவது முகப்பில் நிற்கும் முடிச்சு நூலின் நுனியை, குட்டையாக வெட்டியிருப்பார்கள், ஊடை பருத்தியாகவும் இருக்கும். குபா கையில் விறைப்பாக நிற்கும், பின்புறம் வரிவரியாக மேடு தட்டும், ஓரத்தில் நீலப் பருத்தி சுற்றிய கம்பளங்கள் நிறைய. முகப்புக் கோலத்தை யார் வேண்டுமானாலும் பார்த்து நெய்துவிடலாம். பாவையும் ஊடையையும் அப்படி மாற்றிவிட மாட்டார்கள், அவை அந்தந்த வீட்டுப் பெண்களின் கைப்பழக்கம்.

முடிச்சு எண்ணும்போது ஒரு தவறு செய்தேன். காக்கசஸ் முழுவதும் சமச்சீர் முடிச்சுதான். ஒவ்வொரு முடிச்சும் இரண்டு பாவு நூல்களைச் சுற்றுகிறது, ஆகவே பின்புறம் இரண்டு மேடாகத் தெரியும். நான் ஒவ்வொரு மேட்டையும் ஒரு முடிச்சாக எண்ணி அங்குலத்துக்கு 14 என்றேன். பெரியவர் நகத்தை வைத்து இரண்டிரண்டாகச் சேர்த்துக் காட்டினார். 7. நெடுக்கில் 8. சதுர அங்குலத்துக்கு 56 முடிச்சு, கசாக்குக்கு அது நியாயமான எண்ணிக்கை. எண்ணிக்கை கூடினால் கம்பளம் உயர்ந்தது என்ற கணக்கு இங்கே செல்லாது. தடித்த கம்பளி, பெரிய கோலம், நீண்ட மயிர், அதற்கு இந்த முடிச்சுதான் பொருத்தம்.

ஆகஸ்டில் வேறொரு இடத்தில் தேதி நெய்த கம்பளம் ஒன்று காட்டினார்கள். இஸ்லாமிய ஆண்டுக் கணக்கான ஹிஜ்ரியில் 1219, அதாவது 1804 வாக்கில். விலையும் அதற்கேற்ப. அரபு எண்களில் 2க்கும் 3க்கும் வித்தியாசம் மேலே ஒரு பல் மட்டும்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த இரண்டுக்குப் பக்கத்தில் நாலைந்து முடிச்சுகளின் நீலம் மட்டும் சுற்றியிருந்த நீலத்தோடு ஒட்டவில்லை, பின்புறத்தில் அதே இடம் பிசிறாக இருந்தது. மூன்றின் பல்லைப் பிடுங்கி இரண்டாக்கியிருந்தார்கள். 1319 என்றால் 1901. ஒரு பல்லில் 97 வருஷம்! கம்பளம் அழகானதுதான், அதை இப்படிச் செய்துவிட்டார்களே என்று மனசு ஆறவில்லை.

அக்டோபரில் பெரியவரிடமிருந்து அழைப்பு வந்தது. போர்ச்சாலி, 5 அடிக்கு 7 அடி, சதுரம் சரியாக இல்லை, ஒரு முனை மற்றதைவிட மூன்று அங்குலம் அகலம். வரிசையாக மூன்று பதக்கங்கள், சுற்றிலும் கொக்கி கொக்கியாக ஓரம். கரையில் வெள்ளையும் பழுப்பும் ஒன்றுக்குள் ஒன்று பல் பதித்து ஓடும். நடுவில் தேய்ந்து பாவு தெரிகிறது, ஒரு முனையில் வெளிக்கரையே போய்விட்டது. அதனால்தான் 2,600 லாரிக்கு என் கைக்கு எட்டியது.

ஈரத்துணியை ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியாக வைத்து அழுத்தினேன். தூசி மட்டும் வந்தது. மயிரை விரலால் பிரித்து அடிவரை பார்த்தேன். நுனியில் சாம்பலாகவும் அடியில் பளிச்சென்ற ஊதாவாகவும் இருந்தால் அது ஆரம்பகாலச் செயற்கைச் சாயம். இதில் சிவப்பு அடியிலும் அதே சிவப்பு, நுனியில் சற்றே கனிந்திருந்தது, அவ்வளவுதான். தேய்ந்த இடத்தில் பேனா மை பூசி மறைக்கவில்லை. இரண்டாவது பதக்கத்தில் நீலம் ஒரு விரல் அகலத்துக்கு வெளிறி, மறுபடி கருநீலமாகிறது. ஒரு சாயக் கலயம் தீர்ந்து அடுத்ததைத் தொட்ட இடம் அது. இதற்கு அப்ராஷ் என்று பெயர், புதுக் கம்பளங்களில் வேண்டுமென்றே போடுவதும் உண்டு.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு கரையின் மேல் விரலை ஓட்டினேன். பழுப்பு வந்த இடமெல்லாம் விரல் கீழே இறங்கியது, வெள்ளை வந்ததும் ஏறியது. பழுப்புக்கும் கறுப்புக்கும் இரும்புச் சத்து சேர்த்துச் சாயம் ஏற்றுவார்கள், அது காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடும். அதனால் கோலம் செதுக்கியது போல நிற்கிறது. கத்தரியால் வெட்டியும் இதைப் போலியாகச் செய்யலாம், ஆனால் அப்போது மயிர் ஒரே மட்டமாக இருக்கும். இதில் இழைக்கு இழை உயரம் மாறியது. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று இரண்டு நாள் மாற்றி மாற்றிப் போட்டோம். மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால் ஒரு முனையிலிருந்து பார்த்தால் ஆழ்ந்த சிவப்பு, எதிர்முனையிலிருந்து வெளிறிய செம்மண் நிறம். என் வீட்டுக்காரருக்கு வெளிறியதுதான் பிடித்தது. எங்கள் கூடத்தில் வெளிச்சம் குறைவு, அதனால் வாசலிலிருந்து வருபவருக்கு அந்தப் பக்கம் தெரியும்படி போட்டோம். அடியில் கம்பளி ஃபெல்ட். சோஃபாவுக்கு அடியில் ஒரு அங்குலம்கூட நுழையவிடவில்லை, அந்துப்பூச்சிப் புழுவுக்கு இருட்டும் அசைவில்லாத இடமும்தான் வேண்டும். மாதம் ஒருமுறை புரட்டி, பிரஷ் இல்லாத முனையால் பின்புறமும் தூசி உறிஞ்சுகிறேன்.

தண்ணீர் காட்டிக் கழுவவில்லை. மெஷினில் தேய்த்துத் தரும் கடைகளிடம் இதைக் கொடுக்கவும் மாட்டேன். இங்கெல்லாம் பனியில் போட்டுத் தட்டுவார்கள். ஈரப்பனி உதவாது, உப்புத்தூள் போல உலர்ந்து உதிரும் பனி வேண்டும். ஜனவரி மாதம் ஒரு விடியற்காலையில் அப்படி விழுந்தது. நானும் தம்பியும் முற்றத்தில் முகம் கீழே இருக்கும்படி விரித்து, துடைப்பத்தின் பின்புறத்தால் மெதுவாகத் தட்டினோம். தூக்கியபோது வெள்ளைப் பனியில் 5 அடிக்கு 7 அடியில் சாம்பல் நிறக் கட்டம் ஒன்று பதிந்திருந்தது. நகர்த்தி நகர்த்தி நான்கு முறை. நான்காவது கட்டம் கிட்டத்தட்ட வெள்ளை. உள்ளே கொண்டுவந்து காயப்போட்ட பிறகு அதில் ஒரு பச்சை புதிதாகத் தெரிந்தது. அதுவரை அதை நீலம் என்றே நினைத்திருந்தேன்.

இப்போது ஓரங்களில் வேலை நடக்கிறது. கரை போன முனையை மறுபடி நெய்ய எனக்கு உத்தேசம் இல்லை. முடிச்சுகள் மேலும் அவிழாமல் சாயமேற்றாத கம்பளி நூலால் தையல் போட்டு நிறுத்தியாயிற்று. இடது ஓரத்தில் முன்பு யாரோ அக்ரிலிக் ஆரஞ்சு நூலைச் சுற்றியிருந்தார்கள். அதை ஊசியால் ஒவ்வொன்றாக அறுத்து எடுத்துவிட்டு, வேர்ச்சாயம் ஏற்றிய கம்பளியைப் பழைய ஓரத்தின் மேல் சுற்றி வருகிறேன். ஒரு மாலைக்கு நான்கு அங்குலம் போகும். இன்னும் 22 அங்குலம் பாக்கி. கையில் இருக்கும் நூல் அதற்குப் போதாது, இந்தச் சனிக்கிழமை பெரியவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.