சின்ன மெஷின்

நவம்பர் 18, 2018
கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை எண்ணி முடித்தேன். 212-இல் 187. நிற்கிற 25-இல் ஏழுக்குக் கொண்டை இல்லை.

நவம்பர் 19
கரண்ட் இல்லை. டிராக்டர் பேட்டரியில் போனைச் சார்ஜ் போட்டுக்கொள்கிறோம். அப்பா திண்ணையை விட்டு இறங்கவில்லை. மோட்டார் கொட்டகைக்கு வழி திறக்க அரிவாளும் கோடரியுமாக இரண்டே மரம் வெட்டினோம், அதற்குள் இருட்டிவிட்டது. தென்னைக்குக் கோடரி சரிப்படாது. வெளிச்சுற்று கல், உள்ளே ஈர நார். நாரில் பொதிந்தால் கோடரியைப் பிடுங்குவதே தனி வேலை.

நவம்பர் 20
விழுந்த மரத்துக்கு நிவாரணம் 600 ரூபாய், அறுத்து அப்புறப்படுத்த 500 என்று அரசு அறிவிப்பு வந்திருக்கிறது. இங்கே அறுக்கிறவர்கள் ஒரு மரத்துக்கு ஆயிரம் கேட்கிறார்கள். கேட்டாலும் ஆள் இல்லை.

நவம்பர் 21
மச்சான் தாண்டிக்குடியிலிருந்து வந்து சேர்ந்தார். காப்பித் தோட்டத்தில் நிழல் மரம் கழிக்கிற ஸ்டில் எம்எஸ் 180 என்ற செயின் ரம்ப மெஷினைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறார். 31.8 சிசி, செயின் சுற்றி ஓடுகிற பட்டையான பார் 14 அங்குலம். தூக்கிப் பார்த்தேன், நாலு கிலோ சொச்சம் இருக்கும். பக்கத்துத் தோப்பு மாமா பார்த்துவிட்டு, "இது முருங்கை கழிக்கத்தான் ஆகும் தம்பி" என்றார். அவர் 58 சிசி, 22 அங்குலத்தில் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறார். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான்.

நவம்பர் 22
மூன்று மெஷினையும் இன்று ஒரே தோப்பில் பார்த்துவிட்டேன். தோப்பின் வடக்குப் பக்கம் பொள்ளாச்சி ஆட்கள் ஹஸ்க்வர்னா 365 என்ற பெரிய மெஷின் வைத்து அறுக்கிறார்கள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்குகிறது. பத்து எண்ணுவதற்குள் ஒரு துண்டு. மாமாவின் 58-க்கு இருபது. எங்களுடையதற்கு நாற்பது.

ராத்திரி முழுக்க அந்த நாற்பதுதான் மனதில். 187 மரம், மரத்துக்கு நாலு அறுப்பு.

நவம்பர் 23
கார்த்திகை. தெரு முழுக்க இருட்டு, அகல் மட்டும் எரிந்தது. போன வருஷம் தோப்பு வரப்பிலும் வைத்தோம்.

நவம்பர் 25
நாற்பது பெரிய விஷயமில்லை என்று இப்போது புரிகிறது. அறுக்கிற நேரம் வேலையில் கால்வாசிகூட இல்லை. மீதியெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கிற மரங்களின் மேல் ஏறி இறங்குவது, மட்டையைத் தள்ளுவது, நிற்க இடம் பார்ப்பது. ஏழெட்டுக் கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கினால் பதினொரு மணிக்கே கை நடுங்கும். மாமாவுக்கு நடுங்கியது, நானே பார்த்தேன்.

இன்னொன்று, பார் நீளம். எங்கள் மரம் பெரும்பாலும் ஒரு அடி விட்டம்தான், 14 அங்குலம் சரியாகப் போதும். 22 அங்குலம் மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் மூக்கு மணலில் முட்டுகிறது. மணலை ஒரு தரம் தொட்டால் செயின் போச்சு. நீளமான பார் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்த மண்ணுக்குக் குட்டைதான் நல்லது. தூர்ப்பக்கம் மட்டும் இரண்டு பக்கமிருந்தும் அறுக்க வேண்டியிருக்கிறது, அது பரவாயில்லை.

இன்று 11 மரம்.

நவம்பர் 26
கூரான செயின் துருவல் போடும். மழுங்கினால் மாவு கொட்டும். மாவைப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். அழுத்தி அறுக்கக் கூடாது.

நவம்பர் 27
இன்று கால் போயிருக்கும்.

வேரோடு சாய்ந்த மரம். தூரிலிருந்து மூன்றடி விட்டு அறுத்தேன். தண்டு கழன்றதும் தூர்க்கட்டை மண்ணோடு அப்படியே எழுந்து பழைய குழியில் உட்கார்ந்தது. நான் குழிப்பக்கம் நின்றிருந்தால் அதற்குள்ளே போயிருப்பேன். மச்சான் காலையிலேயே "அந்தப் பக்கம் நில்லுங்க" என்று சொல்லியிருந்தார். மரத்தின் மேல் கிடக்கிற மரமும் அப்படித்தான். எந்தப் பக்கம் இறுக்கம், எந்தப் பக்கம் இழுவை என்று பார்க்காமல் வைத்தால் பாரைக் கவ்விக்கொள்ளும். நடுவில் தொங்கினால் மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மீதியைக் கீழேயிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நின்றால் நேர்மாறு.

வீட்டில் சொல்லவில்லை.

நவம்பர் 29
மாமாவின் 58 நின்றுவிட்டது. கழற்றினால் செயினுக்கு ஆயில் போகிற துவாரம் முழுக்க நார். பார் நீலம் பாய்ந்திருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றியிருக்கிறார். துவாரத்தைக் கம்பியால் குத்தி, பாரைத் திருப்பிப் போட்டு, மெஷினோடு வந்த செயினைக் கழற்றிவிட்டு ஆரிகன் கம்பெனி செயின் மாட்டினோம். அப்புறம் பார்க்க வேண்டுமே, வேறு மெஷின் மாதிரி ஓடுகிறது. பேர் தெரியாத மெஷின் என்று எல்லோரும் திட்டினார்கள், நானும் திட்டினேன். குற்றம் செயினில்தான் இருந்தது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 40 மில்லி ஆயில் அதற்கு. எங்களுடையதற்கு 20. இரண்டு கேனிலும் சாக்பீஸில் எழுதி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 30
மழை. 129 மிச்சம்.

டிசம்பர் 2
திண்ணையில் உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருந்தேன். 4 எம்எம் உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு, பல்லுக்கு மூன்று இழுப்பு. அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று கையை நீட்டி வாங்கினார். "தள்றப்ப தேய். திரும்பறப்ப தூக்கிடு. முன்னும் பின்னுமா போட்டா அரமும் போகும், பல்லும் போகும்." அவ்வளவுதான் பேசினார். ஒரு பக்கப் பல் முழுக்க அவரே போட்டார். பிறகு கண் தெரியவில்லை என்று கொடுத்துவிட்டார்.

அந்தப் பக்கம் கூர் அதிகமாகி அறுப்பு வளைந்து போகிறது. சரி செய்ய மனம் வரவில்லை.

டிசம்பர் 4
எருக்குழியைக் கிளறினால் காண்டாமிருக வண்டுப் புழு, விரல் பருமனில். தண்டுகளை இப்படியே மக்கவிட்டால் அதிலும் முட்டை வைக்கும். வெட்டுக்காய வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வேறு. கொண்டையோடு நிற்கிற 18-ஐயாவது காப்பாற்ற வேண்டும். அதற்குத்தான் இத்தனை அவசரம்.

இந்தச் செயினே ஒரு வண்டுப் புழுவைப் பார்த்து வந்தது. 1946-இல் அமெரிக்காவின் ஆரிகன் காட்டில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுகிறவர், மரத்தைக் குடைகிற புழு ஒன்று இடமும் வலமுமாகக் கடித்துக்கொண்டே போவதைப் பார்த்து, செயின் பல்லையும் அப்படியே அமைத்தார். இன்று அறுக்கிற செயின்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான். புழுவை மண்வெட்டியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கோழிக்குப் போட்டேன்.

டிசம்பர் 5
கரண்ட் கம்பம் நட்டுவிட்டார்கள். கம்பி இன்னும் இழுக்கவில்லை.

டிசம்பர் 6
14 மரம். பொள்ளாச்சி ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். போகும்போது ஒருவர் எங்கள் மெஷினை வாங்கி ஒரு துண்டு போட்டுப் பார்த்தார். "செயின் நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். இருபது நாளில் மனம் நிறைந்தது இன்றுதான்.

மாமா நாளைக்கு இதை இரவல் கேட்டிருக்கிறார்.

டிசம்பர் 8
61 மிச்சம். அரம் தேய்ந்துவிட்டது. பேராவூரணியிலும் பட்டுக்கோட்டையிலும் 4 எம்எம் இல்லை. 4.8 இருக்கிறது, இந்தச் செயினுக்கு ஆகாது. நாளை விடிந்ததும் அறந்தாங்கி போய்ப் பார்க்க வேண்டும்.