கோலப்பொடியில் வரைந்த ஊர்

இராமநாதபுரம் மாவட்டத்தில் களப்பணியாளராகச் சேர்ந்த முதல் கோடையில், 42 கேள்விகள் அடங்கிய படிவத்தோடு ஒரு கிராமத்தில் வீடுவீடாக ஏறி இறங்கினேன். ஊரணி வற்றும் மாதங்களில் பெண்கள் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள், எத்தனை குடம் எடுக்கிறார்கள் என்பவையே கேள்விகள். எல்லாரும் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். வயதான பெண்மணி ஒருவர் மட்டும், "போன வருசமும் இதத்தான் தாயி எழுதிட்டுப் போனாக. எழுதுனத எங்களுக்கு ஒருத்தரும் படிச்சுக் காட்டலையே" என்றார். அன்று மாலை இதைக் கேட்ட எங்கள் மூத்த பணியாளர், படிவங்களை எடுத்து வைத்துவிட்டு மறுநாள் கோலப்பொடி வாங்கி வரச் சொன்னார்.

செயல் ஆய்வு என்ற சொல்லை அதற்கு முன் வகுப்பறையில் படித்திருக்கிறேன். நூல்களை மட்டுமே விளைவிக்கும் ஆய்வு போதாது என்று 1946இல் எழுதிய சமூக உளவியலாளர் கர்ட் லெவின், திட்டமிட்டு, செயல்பட்டு, விளைவைக் கண்டறிந்து, மறுபடியும் திட்டமிடும் ஒரு சுழற்சியை அந்தப் பெயரில் முன்வைத்தார். அதை அறையில் உட்கார்ந்தே புரிந்துகொள்ள முடிந்தது. ஆனால், உழவர்களோடு சேர்ந்து ஆய்வு செய்த கொலம்பியச் சமூகவியலாளர் ஒர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா எழுப்பிய, யாருடைய அறிவு அறிவாக எண்ணப்படுகிறது என்ற கேள்வி, தரையில் கோலப்பொடி விழுந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

பிள்ளையார் கோயில் திடலில் ஊரின் வரைபடத்தை மக்களே வரைந்தார்கள். ஆண்கள் கண்மாய், மடை, மிகைநீர் வழியும் கலுங்கு, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் என்று தொடங்க, பெண்கள் ஊரணியையும் விறகு வெட்டும் சீமைக்கருவேலங்காட்டையும் சேர்த்தார்கள். அழகாக வந்திருக்கிறதென்று மகிழ்ந்து தாளில் படியெடுத்துக்கொண்டு திரும்பினேன். பேருந்தில் அதை விரித்துப் பார்த்தபோதுதான், ஊரார் காலனி என்று அழைக்கும் தலித் குடியிருப்பு அதில் இல்லை என்பது கண்ணில் பட்டது. அங்கிருந்து ஒருவரும் திடலுக்கு வரவில்லை. வராததை நானும் கவனிக்கவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே யார் வரைவார்கள் என்பதையும் நாங்கள் தீர்மானித்துவிட்டிருந்தோம்.

அடுத்த வாரம் காலனியில் இரண்டாவது வரைபடம் உருவானது. அதில் ஊரணி ஓர் ஓரத்தில் சிறு வட்டமாக இருந்தது. அதன் படித்துறையில் அவர்கள் இறங்குவதில்லை. காய்ந்த கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்புகிறார்கள். ஊரணிக்கு எவ்வளவு தூரம் என்று கேட்ட என் படிவத்தில் இந்தப் பதிலை எழுத இடமே இல்லை.

இரண்டு வரைபடங்களையும் வைத்து நடந்த கூட்டங்களின் முடிவில், ஐப்பசி மழைக்கு முன் வரத்துக்காலைத் தூர்வார முடிவாகி, இரு பக்கத்தாரும் வேலை செய்தார்கள். மழை பெய்தும் தண்ணீர் பாதி வழியிலேயே நின்றது. மார்கழியில் காரணம் தேடி உட்கார்ந்தபோது, சாலைக்கு அடியில் போடப்பட்ட குழாய்ப்பாலம் கால்வாயின் தரைமட்டத்தைவிட உயரத்தில் இருப்பதைச் சொன்னவர், அந்த வழியே அன்றாடம் ஆடு ஓட்டிச் செல்லும் காலனிப் பெண் ஒருவர். பள்ளிக்கூடப் படிப்பில்லாத அவர் சொன்னதே ஜனவரி 26 கிராம சபையில் கோரிக்கையாக வைக்கப்பட்டது. குழாயைத் தாழ்த்திப் பதிக்க மேலும் ஒரு கோடை ஆயிற்று. ஒரு முறை தோற்ற செயலையும் ஆய்வின் பகுதியாகக் கொள்ளும் இந்த முறையின்மேல் எனக்கு நம்பிக்கை பிறந்தது அப்போதுதான்.

படித்துறை விவகாரம் அப்படித் தீரவில்லை. அறிக்கையை அனுப்புமுன் திடலிலும் காலனியிலும் வாசித்துக் காட்டினோம். காலனி மக்கள் ஊரணிப் படித்துறையில் இறங்குவதில்லை என்ற வரி வந்ததும் திடலில் பேச்சு நின்றது. ஊர்ப் பெயர் கெட்டுவிடும், எடுத்துவிடுங்கள் என்றார் ஒருவர். எடுப்பதும் வைப்பதும் எங்கள் உரிமையல்ல என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்ன காலனிப் பெண்களிடமே போனோம். திடலில் பேசப்பட்டதையும், அந்த வரியால் அவர்களுக்கு வரக்கூடிய சங்கடங்களையும் மறைக்காமல் எடுத்துச் சொன்னோம். வெகுநேரம் தங்களுக்குள் பேசிய பிறகு, "இருக்கட்டும், ஆனா யார் சொன்னாகன்னு பேரு போட வேண்டாம்" என்றார்கள். அப்படியே எழுதினோம்.