அண்ணாச்சி கடை, ஆவணி

18.8.2025, திங்கள்

அண்ணாச்சி கடையைக் காலி செய்வது உறுதிதானாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

19.8.2025

நேரில் கேட்டுவிட்டேன். "கடைக்குச் சரக்கு கொண்டுவர்ற லைன் வண்டி நம்ம ஊருக்குள்ள வர்றதில்ல தங்கச்சி. நானே டவுனுக்குப் போய் சரக்கு எடுத்து, ஆட்டோவுக்கும் குடுத்தா, ஒரு பிஸ்கட் பாக்கெட்ல என்ன நிக்கும்?" என்றார். வண்டி வரவேண்டுமானால் வாரத்துக்கு இவ்வளவு எடுக்கணும் என்று கணக்கு வைத்திருக்கிறார்களாம், இங்கே அதில் பாதிகூட ஓடாது. அரிசி ரேஷனில் இலவசம். மாதச் சாமானை ஊரே விளாத்திகுளத்தில் மொத்தமாக எடுக்கிறது. அவரிடம் மிச்சம் இருப்பது ஐந்து ரூபாய்க் கடுகு, பத்து ரூபாய் எண்ணெய், அப்புறம் கடன். மூட்டு வலி வேறு. மகன் கோயம்புத்தூருக்குக் கூப்பிடுகிறான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மருந்தைப் பற்றிக் கேட்கத்தான் போனேன். கேட்காமலே வந்துவிட்டேன்.

21.8.2025

மருந்துக்கு என்ன செய்வது.

22.8.2025

எங்கள் ஃப்ரிட்ஜ் லோ வோல்டேஜில் போனதிலிருந்து அம்மாவின் இன்சுலின் அண்ணாச்சி ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. பால் பாக்கெட்டுக்கும் கலர் பாட்டிலுக்கும் மேல்தட்டில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் டப்பா, அதற்குள் மூன்று வீட்டு மருந்து. ஒவ்வொன்றின் மேலும் பிளாஸ்திரி ஒட்டி அவர் கையாலேயே எழுதியிருக்கிறார்: வாத்தியார் வீடு, மேலத்தெரு, கிணத்து வீடு. கிணத்து வீடு நாங்கள். ஐஸ் பெட்டிப் பக்கம் அந்த டப்பாவை யாரையும் நகர்த்த விடமாட்டார், உறைந்துபோனால் மருந்து வீண் என்று நர்ஸ் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார். பிரிக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பிரித்தது வெளியே ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும் என்கிறார்கள், ஆனால் அது சாதாரணச் சூட்டுக்குச் சொன்னது, ஆவணியிலும் காயும் இந்தக் கரிசல் வெயிலுக்கு யார் சொல்வது? ஃப்ரிட்ஜ் தவணையில் வாங்கிவிடலாம், நான் பேசியும் வைத்திருக்கிறேன். மேலத்தெரு அக்கா என்ன செய்வார்? 100 நாள் வேலைக்கு ஒரு நாளைக்கு 336 ரூபாய் கூலி, அதுவும் கைக்கு வரும்போதுதான் வரும். அதுவரை அண்ணாச்சி நோட்டுதான்.

27.8.2025

பிள்ளையார் சதுர்த்தி. கடையில் பொரி, வெல்லம், எருக்கம்பூ மாலை எல்லாம் இருந்தது. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழவில்லை. "அவுக கணக்கை முடிச்சிட்டியா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

1.9.2025

இன்றுமுதல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று கடையில் பேப்பர் வாசித்துச் சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு வரும் சாதாரணத் தபாலைத் தபால்காரர் கடையில்தான் கொடுத்துவிட்டுப் போவார். இனிமேல் அதுவும் எங்கே என்று தெரியாது.

பற்று நோட்டைப் பார்த்தேன். பல வீட்டுக் கணக்கு தை மாசியில் மிளகாய் வந்தால்தான் தீரும். இன்னும் விதைக்கவே இல்லை. "தையில ஒருதரம் வருவேன்" என்கிறார். வருவார் என்று நான் நம்புகிறேன்.

8.9.2025

நேற்று ராத்திரி கிரகணம். அம்மா சாயங்காலமே ஊசி போட்டுக்கொண்டு, அப்புறம் கிரகணம் விடும்வரை சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம். ரெண்டு வாய்தான் உள்ளே போயிருக்கும். பதினோரு மணிக்கு மேல் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டியது, என்னை யார் என்று கேட்டாள். சீனித் தண்ணீரைக் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தேன். நான் யாரையும் கூப்பிடவில்லை. முற்றத்து விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி குளுக்கோஸ் பாக்கெட்டோடு வாசலில் நிற்கிறார், சட்டைகூடப் போடவில்லை. அவள் என் பெயரைச் சொல்கிறவரை நகரவில்லை. மெயின் ரோட்டுக்கு இந்தக் காலோடு அவர் எத்தனை பேரை டிவிஎஸ் வண்டியில் கொண்டுபோய் விட்டிருக்கிறார் என்று அதற்குப் பிறகு தூக்கம் வராமல் நினைத்துக்கொண்டே கிடந்தேன். இதெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவது?

9.9.2025

சர்க்கரை 116. நல்ல அளவு. அம்மா இட்லி கேட்டாள்.

12.9.2025

வருகிற 22ஆம் தேதி பிஸ்கட், ஷாம்புக்கெல்லாம் ஜிஎஸ்டி 18லிருந்து 5 ஆகிறது. அதற்குள் இருக்கிற சரக்கைத் தள்ளிவிடணும் என்று பாதி விலைக்குக் கொடுக்கிறார். பிள்ளைகள் ஷாம்பு சரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். தாங்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

13.9.2025

தாயுமானவர் திட்டத்து வண்டி அம்மாவின் ரேஷனை வாசலுக்கே கொண்டுவந்தது. நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். அம்மா ரேகை வைக்க நாலு தரம் விரலைத் துடைக்க வேண்டியிருந்தது. அரிசி வந்துவிட்டது. அவசரத்துக்கு ஒரு தலைவலி மாத்திரைக்கு இனி எங்கே போவது என்று அம்மா அந்தப் பையனிடமே கேட்டுவிட்டாள். அவன் பாவம்.

15.9.2025

மகளிர் உரிமைத்தொகை 1,000 ஏறியதும் மேலத்தெரு அக்கா நேராகக் கடைக்குப் போய்ப் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் கணக்கு முழுதும் முடிந்தது. அண்ணாச்சி வரியை அடித்துவிட்டுத் தேதி போட்டார்.

17.9.2025

ஃப்ரிட்ஜை வேனில் ஏற்றிவிட்டார்கள். அந்த டப்பாவை என் கையில் கொடுத்தார். எனக்குச் சொல்ல வந்ததும் அவருக்குச் சொல்ல வந்ததும் வேன் சத்தத்தில் போயிற்று.

18.9.2025

புது ஃப்ரிட்ஜ் வர அடுத்த வாரம் ஆகுமாம், ஊருக்குள் வர வண்டிக்குத் தனி வாடகை. அதுவரை நர்ஸ் சொன்னபடி பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரச் சாக்கு. மூன்று வீட்டு மருந்தும் அதற்குள். தெர்மாமீட்டர் போட்டுப் பார்த்தேன். மதியம் 26.

19.9.2025

மணலுக்குத் தண்ணீர் விட ராத்திரி எழுந்தேன். கடைப் பக்கம் ஒரே இருட்டு. அந்த பல்ப் வெளிச்சத்தில்தான் தெருமுனைவரை தெரிந்துகொண்டிருந்தது.

20.9.2025

காலையில் 248. மருந்து கெட்டுவிட்டதா, நேற்று யாரோ கொடுத்த அதிரசமா தெரியவில்லை. வாத்தியார் வீட்டிலும் ஏறியிருக்கிறதாம். முதல் பஸ்ஸில் டவுனுக்குப் போய் மூன்று பேருக்கும் புதுசு வாங்கிவரணும், ஐஸ் போட்ட பை வேண்டும், மேலத்தெரு அக்காவின் மருந்துச் சீட்டு இன்னும் வரவில்லை, போய்க் கேட்டுவிட்டு