இரவு ஷிப்டும் சர்வே மதிப்பெண்ணும்

சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலையில், மனசு மிகச் சுலபமாக அடுத்தவர் கைக்குப் போய்விடும். டீம் லீடர் 'குட்' என்று அனுப்பினால் முகம் மலரும். அழைப்பு முடிந்ததும் வாடிக்கையாளர் நிரப்பும் சர்வேயில் மட்டமான மதிப்பெண் விழுந்தால் மறுநாள் சாப்பாடு இறங்காது. மனசில் தெம்பு போதவில்லை என்பார்கள். பல நேரம் போதாமல் இருப்பது தூக்கம்தான்.

நியூயார்க்கின் காலை 9 மணி, அங்கே கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு முதல் அது 7.30; மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி பழைய கணக்கு. விடிகாலை 3.30க்கு முடிந்த ஷிப்ட் 4.30க்குப் போகும். ஒரு மணி நேரம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கேப் எல்லோரையும் இறக்கிவிட்டு வீடு வருவதற்குள் வெளுத்துவிடும். அந்த வெளிச்சம் பட்டதும் உடம்பு எழுந்துகொள்ளும் நேரம் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் கேப்பிலேயே கறுப்புக் கண்ணாடி (கேலி செய்வார்கள், செய்யட்டும்), ஜன்னலுக்குத் தடித்த திரை, போன் வேறு அறையில்.

கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். விடிகாலை 5 மணிக்குப் படுப்பவர் கடைசிக் காபியை இரவு 11க்குள் முடித்துக்கொள்வது நல்லது. 2 மணிக்குக் கண் சொருகினால் பிரேக்கில் 20 நிமிடம் கண்ணயரலாம். அலாரம் அவசியம். முக்கால் மணி நேரம் போய்விட்டால் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்து, அடுத்த அழைப்பில் வார்த்தை குழறும்.

வசவு வாங்கிய அழைப்பு முடிந்ததும், குறிப்பு எழுதக் கிடைக்கும் ராப்-அப் நேரத்திலேயே ஹெட்செட்டைக் கழற்றுங்கள். 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விடுங்கள். ஐந்து முறை செய்தால் 50 விநாடி. பிறகு நோட்டில் ஒரே வரி: அவருடைய கோபம் ரீஃபண்ட் விதி மேலா, பொருள் மேலா, நான் பேசிய விதத்தின் மேலா? மூன்றாவது என்றால் மட்டும் ரெக்கார்டிங்கைக் கேட்டு, குரல் எங்கே மாறியது என்று பாருங்கள். சர்வே வருவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். வந்தபின் எழுதினால் மதிப்பெண் சொன்னதைத்தான் கை எழுதும்.

பேன்ட்ரியில் ஒருவரிடம் புலம்பலாம், தேவையும்கூட. நாலு பேரிடம் சொன்னால் நாலு தடவை திட்டு வாங்கியதாகிவிடும்.

இரண்டு வாரமாகியும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் மூச்சுப் பயிற்சியை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். 24 மணி நேரமும் இயங்குவதால், ஷிப்ட் முடிந்த கையோடு அழைக்கலாம்.