கம்பஸ் படிப்பும் மேசன் பாஸும்

கட்டட வேலைக்குக் கம்பஸ் படிப்புப் பெருசா, சைட் அனுபவம் பெருசா? எங்கட செட் கூடினா வாற சண்டைதான் இது. பேராதனையில நாலு வருசம் படிச்சவன் ஒரு பக்கம், என்டிடி (தொழில்நுட்ப டிப்ளோமா) முடிச்சு நேரா சைட்டுக்குப் போனவன் மற்றப் பக்கம், திருகோணமலை டச்பே கடற்கரையில கச்சான் கொறிச்சுக்கொண்டு இருட்டும் மட்டும் கதை போகும்.

என்னைக் கேட்டா, மண் பாக்கிறதில மேசன் பாஸை (கொத்தனாரை) அடிக்க ஆளில்ல. லோட் இறங்கினதும் ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில வச்சுத் தேய்ப்பார், சேறு ஒட்டினா "தம்பி இது சரிவராது, திருப்பி அனுப்புங்க" எண்டுவார், லேப் ரிப்போட் வர முதலே விசயம் முடிஞ்சிரும்.

ஆனா அதே பாஸ்தான் கொங்கிரீட் இறுகுது எண்டு இன்னொரு வாளி தண்ணி ஊத்தப் பாப்பார். ஊத்தினா வேலை லேசு, பலம் குறைஞ்சிரும், 28 நாள் கழிச்சு கொங்கிரீட் கட்டியை நசுக்கிப் பாக்கிற கியூப் டெஸ்ட்டிலதான் அது பிடிபடும். கவர் விசயம் இன்னும் மோசம். இப்பிடிக் கடல் சூழ்ந்த ஊரில கம்பிக்கு வெளியால 50 மில்லிமீற்றர் கொங்கிரீட் இருக்கோணும் எண்டா, "இவ்வளவு காலமும் ஒரு இஞ்சிதானே வச்சம், எந்த வீடு விழுந்தது?" எண்டு கேப்பார். உடன விழாதுதான். உப்பு மெல்ல மெல்ல உள்ள இறங்கி, கம்பி துருப்பிடிச்சு ஊதி, கொங்கிரீட் வெடிக்க வருசக்கணக்கா எடுக்கும், அப்ப பாஸ் எந்த சைட்டில நிப்பாரோ (வீட்டுக்காரர்தான் பாவம்). சைட்டில பாத்துப் பழகேலாத சங்கதி இது, படிச்சாத்தான் தெரியும்.

நான் இப்ப கவர் கட்டையை (அந்த இடைவெளிக்குக் கம்பியில வைக்கிற கொங்கிரீட் துண்டு) முன்னாலயே நின்டு வார்ப்பிச்சிருவன், ஒரு இஞ்சிக் கட்டை சைட்டுக்குள்ள வரவே விடுறதில்ல. மண் இறங்கினா மட்டும் பாஸைத்தான் கூப்பிடுறது.